கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் – மாவுச் சட்டியில் இருந்து சளிப் பரிசோதனை வரை



இந்த மாதப் பாடம் நுண்ணுயிர்களைப் பற்றியது. "அதெல்லாம் காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு. நமக்கு என்னத்துக்கு மேடம்?" என்று ஒரு அக்கா கேட்டார். நான் படித்ததும் சமூகப்பணிதான், அறிவியல் இல்லை. ஆனால் சிவகாசிப் பக்கம் ஒரு குழுவில் நடந்த சண்டையைத் தீர்த்து வைக்கப் போய், நானே இதைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சண்டையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கை ராசியா? கடிகாரமா?

அந்தக் குழுவில் 12 பேர். பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். மழைக்காலத்திலும் கம்பெனி பூட்டிக் கிடக்கிற மாதங்களிலும் கையில் காசு இருக்காது. அதனால் கடன் எடுத்து, ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கி, இட்லி மாவு பாக்கெட் போட ஆரம்பித்தார்கள். தை, மாசி மாதங்களில் தொழில் நன்றாகத்தான் ஓடியது. சித்திரை பிறந்தது, வினையும் வந்தது. காலையில் கடைக்குப் போட்ட பாக்கெட் மத்தியானத்துக்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். சில பாக்கெட் தையல் விட்டுக் கடையெல்லாம் மாவு. "சிவகாசியில இட்லி மாவுகூட வெடிக்குதே!" என்று கடைக்காரர் கேலி செய்து, பாதிப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார். கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். தவணை கட்டணுமே?

யார் அரைத்த மாவு அதிகம் உப்பியது என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரே ஒருவர் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவர் கணவரை இழந்தவர். "அவ கை ராசியில்லாத கை. அவ கரைச்சா மாவு கெட்டுத்தான் போகும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரத்தில் இருந்து அந்த அக்காவை அரைக்க விடவில்லை. அரைக்கிற நாளுக்குக் கிடைக்கும் கூலியும் போயிற்று. அவர் என்னிடம் வந்து கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. "என் கை அப்படியா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரே மாவை நாலு எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு ஊற்றினோம். ஒன்றை அந்த அக்கா கையால் கரைத்தார். ஒன்றை ஊக்குநர் கரைத்தார். மூன்றாவதை யார் கையும் படாமல் கரண்டியால் கலக்கினோம். நாலாவதையும் கரண்டியால்தான் கலக்கினோம், ஆனால் அதை மட்டும் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைத்தோம். குழுக் கூட்டம் முடிந்து, பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, எட்டரை மணிக்கு மறுபடி கூடினார்கள். முதல் மூன்று டம்ளரும் ஒரே மாதிரி பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. பிரிட்ஜில் வைத்தது அப்படியே கிடந்தது. கையில் ஒன்றும் இல்லை. சூட்டில்தான் இருக்கிறது எல்லாம்.

அப்படியானால் அந்த அக்கா அரைத்த நாளில் மட்டும் ஏன் அதிகம் உப்பியது? அதற்கும் காரணம் கிடைத்தது. மற்றவர்கள் விடியற்காலையில் அரைத்து உடனே பாக்கெட் போட்டார்கள். இவர் பகலில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து அரைப்பார். அந்த மாவு ராத்திரி முழுக்க அண்டாவில் வெளியே இருந்து, நன்றாகப் புளித்த பிறகு காலையில் பாக்கெட்டுக்குள் போகும். அது உப்பாமல் என்ன செய்யும்? கடிகாரம் செய்த வேலைக்கு ஒரு பொம்பளையின் கையைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள்.

மாவுக்குள் யார் இருக்கிறார்கள்?

உளுந்திலும் அரிசியிலும் நாம் போடாமலே பாக்டீரியா என்கிற நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஊறவைத்து அரைத்ததும் அவற்றுக்கு ஈரமும் சாப்பாடும் கிடைத்துவிடுகிறது. இட்லி மாவில் முக்கியமாக வேலை செய்கிறதற்கு லூக்கோனோஸ்டாக் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் தினமும் வயிற்றில் நுழைகிறது. மாவில் உள்ள சர்க்கரைச் சத்தைத் தின்று இரண்டு பொருளை வெளியே விடுகிறது. ஒன்று புளிப்பு அமிலம். இன்னொன்று கரியமில வாயு, அதாவது சோடா பாட்டிலில் பொங்குகிற அதே வாயு. உளுந்தில் ஒரு வழவழப்பு இருக்கிறது அல்லவா, அது இந்த வாயுவை வெளியே விடாமல் குமிழியாகப் பிடித்து வைக்கிறது. ஆவியில் வேகும்போது குமிழி விரிந்து இட்லி பூப்போல வருகிறது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாக இருப்பது இதனால்தான்.

30 டிகிரி சூட்டில் மாவு பொங்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் அதில் பாதி நேரமே போதும். குளிர்நாடுகளில் இருக்கிற நம் தமிழ்ப் பெண்களுக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. கனடாவிலும் லண்டனிலும் மாவு புளிக்காது. பாத்திரத்தை அடுப்பு அவனுக்குள் வைத்து, உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்தச் சூட்டில் புளிக்க வைக்கிறார்கள்.

அந்தக் குழு பிறகு செய்த மாற்றங்கள் பெரிய செலவு வைக்காதவை. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஏனென்றால் கிரைண்டர் கல் சுற்றச் சுற்ற மாவு சூடாகும். புளிக்க விடாமல் அரைத்த கையோடு பாக்கெட் போட்டு, உடனே குளிர்ப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். கல்லுக்கு அடியிலும் குழவி இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழைய மாவைச் சுரண்டிக் கழுவுகிறார்கள். அந்தப் பழைய மாவில் கோடிக்கணக்கில் பாக்டீரியா தயாராக உட்கார்ந்திருக்கும், புது மாவில் விழுந்த நிமிடமே வேலையை ஆரம்பித்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிரிட்ஜ் நுண்ணுயிரைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கரண்டு போனால் எழுந்துவிடும்.

அந்த அக்கா மறுபடியும் அரைக்க வந்துவிட்டார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தது, அவரைக் கை ராசி இல்லாதவர் என்று சொன்ன அதே அக்காதான்.

கந்துவட்டியை விட வேகம்

நுண்ணுயிர் எவ்வளவு சிறியது? ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோடு இருக்கிறதே, அந்த இடைவெளியில் சாதாரண பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ 1000 நிற்கும். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. அது தனியாக வாழாது, இன்னொரு உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். மழைக்காலத்தில் செருப்பிலும் ரொட்டியிலும் பூக்கிறதே, அது பூஞ்சை. பேக்கரியில் பன் உப்பப் போடும் ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான்.

பெருகும் வேகத்தைக் கேளுங்கள். நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் சில பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். வட்டிக் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது இல்லை. காலை 10 மணிக்குச் சாம்பாரில் ஒன்றே ஒன்று இருந்தால், அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், சாயங்காலம் 6 மணிக்கு 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டியிருக்கும். எந்த மீட்டர் வட்டிக்காரனும் இப்படிப் பெருக்கினதில்லை. கம்பெனிக்குக் காலை ஆறு மணிக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டை, சூடு ஆறாமல் டிபனில் இறுக்கி மூடி, வெயில் அடிக்கிற இடத்தில் வைத்தால் மத்தியானம் என்ன ஆகும் என்று இப்போது புரியும். ஆறவிட்டு மூடுங்கள், நிழலில் வையுங்கள். தேங்காய்ச் சட்னியை கோடையில் தவிர்த்துவிடுவது நல்லது.

இதை நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே கையாண்டிருக்கிறார்கள். நுண்ணுயிருக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் அது வளராது. கருவாடும் வத்தலும் வெயிலில் காய்வது அதற்குத்தான். ஊறுகாயில் உப்பு, பால்கோவாவில் சர்க்கரை, இரண்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு டம்ளர் பால் வெளியில் ஒருநாள் தாங்காது. அதே பாலை சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை போட்டால் நாள்கணக்கில் தாங்கும். அப்படித் தாங்குவதால்தானே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஊர் ஊராக பஸ்ஸில் போகிறது! அதற்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிவகாசியில் நோட்டு பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பூஞ்சையும் பூச்சியும் வராமல் இருக்க. அது விஷம். பசை காய்ச்சிய பாத்திரத்தை எந்தக் காரணத்துக்கும் சமையலுக்கு எடுக்காதீர்கள், கையைக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.

தயிருக்கு உறை ஊற்றும்போது பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும் என்கிறோமே, கொதிக்கிற பாலில் ஊற்றினால் உறைமோரில் இருக்கும் பாக்டீரியா வெந்து செத்துப்போகும். அவ்வளவுதான் ரகசியம்.

நம் உடம்பும் அவர்களுக்கு வீடுதான். ஒரு பெரிய ஆளின் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன என்றால், கூடவே குடியிருக்கும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை குடலில் இருந்து செரிமானத்துக்கு உதவுகின்றன. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டால் நோய்க்கிருமியோடு இவையும் சேர்ந்து சாகும். வைரஸ் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குகிற பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு பாடமே நடத்தலாம். இங்கே விட்டுவிடுகிறேன்.

கரிசல் மண்ணில் ஒரு உரக் கம்பெனி

நிலம் வைத்திருக்கிற சகோதரிகளுக்கு ஒரு சின்ன வேலை. பூக்கிற பருவத்தில் ஒரு உளுந்துச் செடியை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உயிரோடு வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்குள் ரைசோபியம் என்கிற பாக்டீரியா இருந்து, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வேளாண்மை அலுவலகத்தில் கிடைக்கும் ரைசோபியம் பாக்கெட் இதே பாக்டீரியாதான். ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் செத்துவிடும். சூடான கஞ்சியில் கலந்தாலும் அதே கதி.

கை கழுவச் சொன்னதற்காகப் பழிக்கப்பட்ட டாக்டர்

நுண்ணுயிரை முதன்முதலில் பார்த்தவர் பெரிய படிப்பாளி இல்லை. ஹாலந்து நாட்டில் லேவன்ஹூக் என்கிற துணி வியாபாரி. துணியில் இழை எண்ணிப் பார்க்கக் கண்ணாடி வில்லை பிடித்தவர், அதைத் தானே நன்றாகத் தேய்த்துச் செய்து, 1670-களில் குளத்துத் தண்ணீரையும், பிறகு தன் பல் அழுக்கையும் அதில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ நெளிந்தது. விருதுநகர்ப் பக்கம் பஞ்சும் நூலும் கையில் பிடிக்கிற நமக்கு அவர் ஒன்றும் அந்நியர் இல்லை.

ஆனால் அந்த நெளிகிறதுதான் நோயைக் கொண்டு வருகிறது என்று புரிய இன்னும் இருநூறு வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை தாய்மார் போனார்கள்! 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்கிற டாக்டர் இருந்தார். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு குறைவு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் சாவு அதிகம். அந்த வார்டுக்குப் போக மாட்டேன் என்று கர்ப்பிணிகள் அழுவார்களாம். காரணம் என்னவென்றால், டாக்டர்கள் பிணவறையில் பிரேதத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மே மாதம் அவர் சட்டம் போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் செத்த வார்டில், ஜூனில் நூற்றுக்கு 2 பேர் என்று குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கள் கை அசுத்தமா?" என்று கோபம். கடைசியில் 1865-ல் அவர் ஒரு மனநல விடுதியில் இறந்துபோனார்.

ஒரு பக்கம் சுத்தமான கையைக் கெட்ட கை என்றோம். இன்னொரு பக்கம் அசுத்தமான கையைச் சுத்தம் என்று நம்பினார்கள்.

நம் பகுதியில் கை கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனியில் இருந்து வரும்போது கையில் கிருமி மட்டுமா இருக்கிறது? மருந்துத் தூசியும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் மருந்து உப்புகள் தண்ணீரில் கலந்திருந்தால், கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். அதனால் கம்பெனிச் சேலையை மாற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவின பிறகுதான் குடத்தைத் தொடணும். குடிதண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டு மொள்ளாமல் நீளக் கைப்பிடி டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கிற ஊர்

நம் மாவட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறை, சில இடத்தில் அதற்கும் தாமதமாகத்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. அதனால் தொட்டி, பேரல், டிரம், குடம் என்று இருக்கிற பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். நம் தவறு இல்லை. ஆனால் டெங்கு வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது, நாம் பிடித்து வைத்த இந்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். பகலில் கடிக்கும். முட்டை தண்ணீருக்குள் மிதப்பது இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 8 முதல் 10 நாள் ஆகும். நம் வீட்டில் தண்ணீர் நிற்கிற நாள் கணக்கும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். டிரம்மைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு துணி கட்டி மூட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 1971-ல் வங்கதேசப் போர் நேரத்தில், மேற்கு வங்கத்தில் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனோபிஸ் என்கிற டாக்டர் உப்பும் குளுக்கோஸ் சர்க்கரையும் தண்ணீரில் கலந்து, பெற்றோர் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் இன்று அங்கன்வாடியிலும் கிராம செவிலியரிடமும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாளைக்குக் கொடுப்பார்கள். பேதி நின்ற பிறகும் அதை முடிக்க வேண்டும்.

"தூசி இருமல்தான் மேடம்"

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

சரம் பின்னுகிற ஒரு சகோதரி. ஒவ்வொரு கூட்டத்திலும் பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து இருமுவார். கேட்டால், "மருந்துத் தூசி மேடம், இங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்பார். நானும் அப்படியே நம்பினேன். அது என் தவறு. தூசியாலும் இருமல் வரும் என்பதால்தான் நம் பகுதியில் இந்தக் குழப்பம் அதிகம். இரண்டு மாதம் கழித்து அவருடைய ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் இருக்கிறதாம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "குழுவில சொல்லிராதீங்க. எம் மக சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்கோம்."

காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1882 மார்ச் 24-ல் ஜெர்மனியின் ராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவும். தட்டு, டம்ளர், துணி மூலம் பரவாது. பரம்பரை நோயும் இல்லை, பாவமும் இல்லை. கிருமி உடம்பில் நுழைந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. உடம்பில் தெம்பு குறையும்போதுதான் அது தலைதூக்குகிறது.

நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கே காட்டியது நம் சென்னைதான். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். ஏழை வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒரு வருஷம் படுத்தால் குடும்பம் என்ன ஆகும்? 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு நெருக்கடியான தங்கள் சொந்த வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தும், ஒரு வருஷ முடிவில் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியான பிறகு உலகம் முழுக்க வீட்டிலிருந்தே சிகிச்சை என்கிற முறை பரவியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளி வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 40 அளவுக்குக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் நோயாளியின் எடையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்தவர், மூச்சு வாங்குகிறவர், எழுந்து நிற்க முடியாதவர் என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், தூசியோ என்னவோ என்று நாமே முடிவு செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சில் இருந்து இருமி எடுக்கணும், காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை. சத்துணவுக்காக மத்திய அரசு கொடுக்கும் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் இருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. அது வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு எண், ஆதார் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஊக்குநர்கள் உதவலாம், நமக்குத் தெரிந்த வேலைதானே அது!

ஆபத்து எங்கே என்றால் இரண்டாவது மாதத்தில். இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், சீசன் வேலையும் வந்துவிடும். "சரியாப் போச்சே" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அப்போது செத்தது பலவீனமான கிருமிகள்தான். தாக்குப்பிடித்து மிச்சம் இருக்கும் கிருமிகள் மறுபடி பெருகினால், அதே மாத்திரைக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும். மாவு அண்டாவின் இடுக்கில் ஒட்டியிருந்த பழைய மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன சகோதரி ஆறு மாதமும் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். குழுவில் நான் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் அவராகவே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு பாட்டி, "எம் மருமகளுக்கும் ஒரு மாசமா இருமல் இருக்கு தாயி. எங்க போயி சளி குடுக்கணும்?" என்று கேட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் நாலு டம்ளரும் கால் படி மாவும் கொண்டு வாருங்கள். யார் கையால் கரைப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.